துணையை இழந்த வளர்ப்புப் பிராணிகள்: கருணைக்கொலைக்கு முன்னும் பின்னும்

ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்த இரண்டு நாய்களில் ஒன்றைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தால், மற்றதன் நடத்தை பெரும்பாலும் மாறிவிடுகிறது. சோற்றுத் தட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. துணை படுத்திருந்த மூலையில் போய்ப் படுக்கிறது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுகிறது. இறங்குபவரின் கையை மோந்துவிட்டு, வண்டிக்குள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று தலையை நுழைத்துப் பார்க்கிறது. பூனையாக இருந்தால் இரவெல்லாம் அறை அறையாகக் கத்திக்கொண்டு திரியும், அல்லது பீரோவின் மேலேறிப் படுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்குக்கூட இறங்காது. வீட்டிலுள்ள மனிதர்கள் தங்கள் துயரத்திலேயே மூழ்கியிருக்கும் நேரம் அது. அதனால் இந்த மாற்றங்கள் கவனிக்கப்படாமல் போகின்றன. அல்லது கவனித்தாலும், 'ரெண்டு நாளில் சரியாகிவிடும்' என்று விடப்படுகின்றன. பெரும்பாலும் சரியாகத்தான் செய்கின்றன. ஆனால் அதற்குப் பல நாய்களுக்கு மாதக் கணக்கில் ஆகிறது. அந்தக் காலத்தில் பட்டினியாலும் மன அழுத்தத்தாலும் வரும் உடல்நலக் கேடுகள் சில, உயிருக்கே ஆபத்தானவை.

இந்த மாற்றங்களைத் துக்கம் என்று சொல்ல அறிவியலாளர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். விலங்குகளின் துயரம் பற்றி 2013இல் நூல் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா கிங் ஒரு நிதானமான அளவுகோலை முன்வைத்தார். நெருங்கிய உறவில் இருந்த விலங்கு ஒன்று இறந்தபின், மிஞ்சிய விலங்கு உண்பதும் உறங்குவதும் பழகுவதும் வழக்கத்திலிருந்து வெளிப்படையாக மாற வேண்டும். அந்த மாற்றத்தில் உணர்ச்சி வேதனையின் அடையாளம் தெரிய வேண்டும். இவ்வளவு இருந்தால் அதைத் துக்கம் எனலாம் என்பது அவர் கருத்து. இறப்பு என்றால் என்னவென்று அந்த விலங்குக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. இந்த விலக்கு முக்கியமானது. துணை அசைவதில்லை, மூச்சு விடுவதில்லை என்று நாய் உணர்வது ஒன்று. இனி ஒருபோதும் திரும்பி வராது என்று உணர்வது வேறொன்று. முதலாவதை உணராமல்கூட, துணை இல்லாத வெறுமையில் ஒரு நாய் தவிக்க முடியும்.

இதைப் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒரே திசையைக் காட்டுகின்றன. அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1996இல் நடத்திய கணக்கெடுப்பில், துணையை இழந்த நாய்களிலும் பூனைகளிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நான்கோ அதற்கு மேலோ நடத்தை மாற்றங்களைக் காட்டின. ஜெசிகா வாக்கர், நடாலி வாரன், கிளைவ் ஃபிலிப்ஸ் ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு 159 நாய்களையும் 152 பூனைகளையும் பற்றியது. இரு இனங்களும் வீட்டாரிடம் கூடுதலாக ஒட்டிக்கொண்டன. இறந்த விலங்கு விரும்பிப் படுத்த இடத்தைத் தேடிப் போயின. நாய்கள் குறைவாகவும் மெதுவாகவும் தின்றன, கூடுதலாகத் தூங்கின. பூனைகளில் பத்துக்கு நான்கு முன்பைவிட அடிக்கடி கத்தின. இத்தாலியில் 426 நாய் உரிமையாளர்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த ஆய்வில், 86 விழுக்காட்டினர் மிஞ்சிய நாயிடம் பாதகமான மாற்றம் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அது இரண்டு முதல் ஆறு மாதம் நீடித்ததாகவும், கால் பங்கினர் ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்ததாகவும் கூறினார்கள். பூனை தனிமையை விரும்பும் பிராணி, அதற்கு இழப்பு பெரிதல்ல என்ற பரவலான எண்ணத்தை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிரிட்டனி கிரீன், ஜெனிஃபர் வோங்க் இருவரும் 412 பூனை வளர்ப்போரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு ஆட்டம் காண வைத்தது. துணையோடு நல்ல உறவில் இருந்த பூனைகள் உறக்கம், உணவு, விளையாட்டு மூன்றையும் குறைத்துக்கொண்டன, ஒளிந்துகொண்டன, தேடின.

இவை எல்லாமே உரிமையாளர்கள் சொன்னதை வைத்து எழுதப்பட்டவை. தானே அழுதுகொண்டிருப்பவர் தன் நாயின் முகத்திலும் அழுகையைக் காண்பது இயல்பு. நாய் சோர்ந்து படுத்திருப்பதற்கு வயதோ வெயிலோ காரணமாக இருக்கலாம். ஆனாலும் இந்த ஆய்வுகளை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவது சரியல்ல. இத்தாலிய ஆய்வில், இரண்டு நாய்களும் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தன என்ற கணக்குக்கும் நடத்தை மாற்றத்துக்கும் தொடர்பில்லை. அவற்றிடையே நட்போ தாய்–குட்டி போன்ற பாசமோ இருந்ததா, ஒரே தட்டில் உணவைப் பகிர்ந்தனவா என்பதோடுதான் தொடர்பு தெரிந்தது. உரிமையாளரின் துயரம் மட்டுமே நாயின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டிருந்தால், இப்படி நாய்க்கும் நாய்க்கும் இடையிலான உறவின் தன்மையைப் பொறுத்து விடை மாறியிருக்க வாய்ப்புக் குறைவு.

துணை போனதும் உண்மையில் எது குலைகிறது என்று பார்த்தால், பராமரிப்பின் வழி தானாகவே தெரிகிறது. வீட்டு நாயின் நாள் பெரும்பாலும் இன்னொரு நாயைப் பார்த்தே நகர்கிறது. காலையில் எது முதலில் எழுகிறதோ அதன் பின்னால் மற்றது எழும். தபால்காரரைப் பார்த்து ஒன்று குரைத்தால் மற்றது சேர்ந்துகொள்ளும். இடிச் சத்தத்துக்குப் பயந்த நாய், பயமில்லாத நாயை ஒட்டிப் படுத்து இரவைக் கடத்தும். பார்வையோ செவியோ மங்கிய கிழட்டு நாய், துணையின் பின்னாலேயே நடந்து அந்தக் குறையை வீட்டாருக்குத் தெரியாமலே மறைத்திருக்கும். துணை போன பிறகு அது சுவரில் முட்டிக்கொள்ளும்போதுதான் உண்மை வெளிவரும். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தனியாக இருந்திராத நாய், வீட்டார் வேலைக்குப் போனதும் முதல்முறையாகத் தனிமையைச் சந்திக்கும். இறப்பைப் பற்றி நாய் என்ன நினைக்கிறது என்பதைவிட, அதன் நாள் எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்பது அதற்கு அதிக உதவி.

இதன் கூடவே வீட்டு மனிதர்களின் துயரமும் அதன்மேல் இறங்குகிறது. லண்டனில் டெபோரா கஸ்டன்ஸ், ஜெனிஃபர் மேயர் இருவரும் 2012இல் வெளியிட்ட சோதனையில், பேசுபவரையும் முனகிப் பாடுபவரையும்விட அழுவதுபோல் நடித்தவரை நோக்கியே நாய்கள் அதிகம் வந்தன. சுவீடனில் 2019இல் வெளிவந்த ஆய்வு 58 நாய்களின் முடியிலும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியிலும் படிந்த கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பை அளந்து, இரண்டும் நீண்ட காலப் போக்கில் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டியது. மேற்சொன்ன இத்தாலிய ஆய்விலும் உரிமையாளரின் துக்கமும் கோபமும் மிகுந்த வீடுகளில் நாயின் நடத்தை கூடுதலாகக் கெட்டிருந்தது. இதற்காக வீட்டார் அழக்கூடாது என்றில்லை. அழுகையோடு அழுகையாக நாயின் வாக்கிங்கும் சாப்பாட்டு வேளையும் நின்றுபோகக் கூடாது.

திடீர் நோயாலோ விபத்தாலோ வரும் இறப்புக்கு முன்னறிவிப்பு கிடையாது. கருணைக்கொலைக்கு ஓரிரு நாளோ ஓரிரு வாரமோ முன்கூட்டிக் கிடைக்கிறது. மிஞ்சப்போகும் விலங்குக்கு அதுவே மிகப் பெரிய உதவி. அந்த நாட்களில் அதைத் தனியாகச் சிறு நடைக்கு அழைத்துப் போகலாம், தனித் தட்டில் தனி இடத்தில் உணவு வைத்துப் பழக்கலாம், அரை மணி ஒரு மணி நேரம் தனியாக இருக்கப் பழக்கலாம். அதன் எடையைப் பார்த்துக் குறித்துவைப்பதும், கண், காது, பல், மூட்டு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுவதும் நல்லது. பிறகு அது மெலியும்போது எவ்வளவு மெலிந்தது என்று சொல்ல ஓர் எண் வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. கடைசி நாள் என்று நோயாளி நாய்க்கு ஆசை ஆசையாகச் சாக்லேட்டும் பிரியாணியும் ஊட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. மிச்சத்தை மற்ற நாய் தின்றுவிடும். சாக்லேட், வெங்காயம், உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். நோயாளியின் வலி மாத்திரைகளும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

ஊசி போடும் வேளையில் மிஞ்சும் விலங்கு எங்கே இருக்க வேண்டும்? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விடை சொல்வதற்கு, அந்த வேளையில் நடப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக முதலில் தசையிலோ தோலுக்கடியிலோ ஒரு மயக்க ஊசி போடப்படுகிறது. சில நிமிடங்களில் விலங்கு தள்ளாடிப் படுத்து உறங்குகிறது. முன்னங்காலில் ஒரு விரல் அகலம் முடியை மழித்து, நரம்பில் குழாய் ஏற்றி, அதன் வழியே பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்து மிகை அளவில் செலுத்தப்படுகிறது. அது எளிதில் கிடைக்காத இடங்களில், ஆழ்ந்த மயக்கம் தந்தபின் மக்னீசியம் சல்பேட்டோ பொட்டாசியம் குளோரைடோ இதயத்தை நிறுத்தப் பயன்படுகிறது. மயக்கமில்லாமல் இவற்றைச் செலுத்துவது கொடுமை. நினைவு நொடிகளில் அகல்கிறது, இதயம் சில நிமிடங்களில் நிற்கிறது. கண் மூடுவதில்லை. உயிர் பிரிந்த பிறகும் தசை துடிக்கலாம், ஓரிரு முறை வாய் திறந்து மூச்சு இழுப்பதுபோல் ஆகலாம், சிறுநீர் வெளியேறலாம். இவை வேதனையின் அடையாளங்கள் அல்ல. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு நாய்க்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தள்ளாடும் அல்லது வெட்டி வெட்டி இழுக்கும் நாயை, அதோடு பத்தாண்டு பழகிய நாயே பாய்ந்து கடித்த நிகழ்வுகள் உண்டு. புதிதாக வீட்டுக்குள் வந்த மருத்துவரைப் பார்த்துக் குரைத்துத் தாவி, நரம்புக் குழாயைப் பிடுங்கிவிடும் நாய்களும் உண்டு. சில நாய்கள் எதுவும் செய்யாமல் காலடியில் படுத்திருக்கும். தன் வீட்டு நாய் எந்த வகை என்று வீட்டாருக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால், பழகிய ஒருவரோடு வேறு அறையில் இருக்கச் செய்வதே பாதுகாப்பு. மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயம் நின்றதை உறுதி செய்து, குழாயை எடுத்து, ஊசி போட்ட இடத்தைத் துடைத்து, உடலுக்கு அடியில் சுத்தமான துணி விரித்து, கால் மணி நேரம் ஆனபின் உள்ளே அழைத்து வரலாம்.

அப்படி அழைத்து வரும்போது சங்கிலி தொய்வாக இருக்கட்டும். உடலருகே இழுத்துப் போவதோ தலையைப் பிடித்து மோக்கவைப்பதோ கூடாது. சில நாய்கள் வாசலிலேயே நின்று காற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் போகும். சில, காதையும் வாயோரத்தையும் மோந்து ஒருமுறை நக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகும். சில பக்கத்தில் படுத்துக்கொண்டு எழவே மறுக்கும். பூனைகள் பல, உடலைத் தாண்டிச் சென்று ஜன்னலில் உட்கார்ந்துகொள்கின்றன. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உடலைப் பார்த்தால் விலங்கு நிலைமையைப் புரிந்துகொள்ளும், பிறகு தேடாது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மேற்சொன்ன 2016ஆம் ஆண்டு ஆய்வில், உடலைப் பார்த்த விலங்குகளுக்கும் பார்க்காதவற்றுக்கும் நடத்தையில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே காட்டுவதால் தீங்கில்லை. காட்ட முடியாமல் போனவர்கள் குற்ற உணர்ச்சியில் வாடவும் வேண்டியதில்லை.

காட்டவே கூடாத நிலைமைகள் உண்டு. இறந்த நாய்க்கு பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்று இருந்தாலோ, ரேபிஸ் என்ற சந்தேகம் இருந்தாலோ உடலருகே இன்னொரு விலங்கை விடுவது ஆபத்து. ரேபிஸ் சந்தேகம் என்றால் மிஞ்சிய விலங்குக்கும், தொட்டுப் பழகிய மனிதர்களுக்கும் உடனே மருத்துவ ஆலோசனை வேண்டும். அடக்கம் செய்வதிலும் கவனம் தேவை. பென்டோபார்பிட்டால் உடலிலேயே தங்கும், மண்ணிலும் எளிதில் சிதையாது. தோட்டத்தில் தென்னை மரத்தடியில் மேலோட்டமாகப் புதைத்த உடலைத் தோண்டித் தின்னும் நாயும் கழுகும் அந்த மருந்தாலேயே சாகக்கூடும். வீட்டில் மிஞ்சியிருக்கும் நாயே மோப்பம் பிடித்துத் தோண்டலாம். குழி குறைந்தது நான்கடி ஆழம் இருக்க வேண்டும், மேலே கனத்த கல் வேண்டும். தகன வசதி இருக்கும் ஊரில் அதுவே நல்லது.

தெருநாய்களுக்கான இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் இந்தியாவில் வந்தபோது, தீராத நோயுற்ற நாயைக் கருணைக்கொலை செய்யும்போது இன்னொரு நாயின் முன்னிலையில் செய்யக்கூடாது என்று அதில் எழுதப்பட்டது. காப்பகத்துக் கூண்டுகளில் அடைபட்டு, தப்பிக்க வழியில்லாமல் பார்க்க நேரும் நாய்களை மனத்தில் வைத்த விதி அது. மிகவும் மனிதாபிமானமான விதி. வீட்டில் இரு நாய்கள் விடைபெறும் சூழலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், அதன் உள்ளே இருக்கும் எச்சரிக்கை, விலகிப் போக வழியில்லாத இடத்தில் ஒரு விலங்கைப் பார்க்கவைக்கக் கூடாது என்பது, வீட்டுக்கும் பொருந்தும்.

மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் வீட்டாரின் உடையில் ஸ்பிரிட் வாடையும் மற்ற விலங்குகளின் வாடையும் இருக்கும். நாய் அதை மோந்துவிட்டு அமைதியடையலாம். பூனை சீறக்கூடும்; மருத்துவமனை போய்வந்த சொந்தத் தோழியையே அடையாளம் தெரியாமல் பூனைகள் தாக்குவது உண்டு. உடையை மாற்றிக்கொண்டு பூனையருகே போவது நல்லது.

பிறகு வரும் முதல் வாரத்தில் உணவுதான் தலையாய விஷயம். நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பொறுக்கலாம், இரண்டு நாளானால் மருத்துவரிடம் போக வேண்டும். பூனைக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. குறிப்பாகக் கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, உடல் கொழுப்பு ஈரலில் வந்து குவிந்து மஞ்சள் காமாலையில் முடியலாம். ஒரு நாள் முழுக்க உணவைத் தொடாத பூனையைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் கத்தினால், அதைத் துக்கக் கதறல் என்று எண்ணிவிடக் கூடாது. மன அழுத்தம் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி வழியை அடைத்துவிடும். அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் அவசரம்.

சாப்பிடாத நாய்க்கு ஊட்டிவிடுவதும் வேளைக்கொரு பண்டம் மாற்றுவதும் எல்லோரும் செய்வது. முதல் ஓரிரு நாளில் உணவை வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் கோழி வேகவைத்த தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மறுக்க மறுக்கச் சுவை கூடும் என்று நாய் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். வழக்கமான நேரத்தில் வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்கு மீண்டும் வைப்பதே நிலைத்த பலன் தரும். தட்டு வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்யலாம். இரண்டு தட்டு இருந்த மூலையில் ஒன்றை மட்டும் வைப்பதைவிட, வேறொரு இடத்துக்கு மாற்றிவிட்டால் சில நாய்கள் எளிதாகத் தின்னத் தொடங்குகின்றன.

துணையின் படுக்கையையும் கழுத்துப்பட்டையையும் அன்றைக்கே அப்புறப்படுத்தத் தேவையில்லை. அதன்மேல் படுத்து அமைதி அடையும் விலங்குக்கு, வாடை தானாக மங்கும்வரை அது இருக்கட்டும். அதைப் பார்த்துப் பார்த்துப் புலம்பும் விலங்காக இருந்தால் எடுத்து வைத்துவிடலாம். பூனைக்கு வீடே வாடைகளால் ஆன இடம். சாவு நடந்த வீடு என்று மறுநாளே தரை முழுக்க ஃபீனைல் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. பூனைக்கு அது இரட்டைக் கேடு. பழகிய வாடையெல்லாம் ஒரே நாளில் போகிறது. அதோடு ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உடம்புக்கு ஆகாது. தொற்று நோயில்லாத இறப்பு என்றால் வெறும் சோப்புத் தண்ணீர் போதும்.

தேற்றுவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஊளையிடும் நாயைத் தடவினால் ஊளை பழக்கமாகிவிடும் என்பது பழைய பாடம். பயத்திலோ வேதனையிலோ இருக்கும் விலங்கின் பக்கத்தில் அமர்ந்து தடவுவதால் அந்த வேதனை வளர்வதில்லை என்பதே ஏற்கத்தக்கது. ஆனால் கத்தும்போது மட்டும் ஓடிப்போய், அமைதியாகப் படுத்திருக்கும்போது கண்டுகொள்ளாமல் விட்டால், கவனம் வேண்டுமானால் கத்த வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். அமைதியாக இருக்கும் வேளையிலும் பேச்சும் தடவலும் கிடைக்க வேண்டும். நடையின் வழியைக் கொஞ்சம் மாற்றுவது, உணவைத் துண்டு துண்டாகத் தோட்டத்தில் ஒளித்துவைத்து மோந்து தேடச் செய்வது, பூனைக்கு நாளுக்கு இருமுறை கயிற்று விளையாட்டு: இவை சின்ன வேலைகள், ஆனால் உடைந்த நாளுக்குப் புதிய மூட்டுக்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையோ காய்ச்சல் மாத்திரையோ கொடுப்பது கூடவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வாரங்கள் கடந்தும் தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி ரத்தம் வரவைக்கும் நாய்க்கு, குளோமிப்ரமின், ஃபுளூவாக்செடின் போன்ற மருந்துகளை மருத்துவர் பயிற்சியோடு சேர்த்துத் தருவதுண்டு.

மூன்று நான்கு விலங்குகள் உள்ள வீட்டில் வேறொரு சிக்கல் எழுகிறது. இறந்தது மற்றவற்றை அடக்கி வைத்திருந்த மூத்த நாயாக இருந்தால், படுக்கைக்கும் வாசற்படிக்கும் மிஞ்சியவற்றிடையே சச்சரவு வரும். சில வாரம் தனித்தனியாக உணவு வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். இதற்கு எதிர்மாறாக, ஒடுங்கிக் கிடந்த பூனை ஒன்று திடீரென்று மடியில் ஏறி உட்காரத் தொடங்குவதும் நடக்கிறது. அது துயரமின்மையைக் காட்டவில்லை. அந்த வீட்டில் இடம் கிடைக்காமல் இருந்ததைக் காட்டுகிறது.

முயல், கினிப் பன்றி போன்ற சிறு பிராணிகளுக்கு இழப்பு இன்னும் அவசரமானது. முயலின் குடல் நிற்காமல் இயங்க வேண்டும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே மருத்துவரிடம் ஓட வேண்டும். பிரிட்டனில் முயல் வளர்ப்போர், இறந்த முயலின் உடலைத் துணையோடு சில மணி நேரம் விட்டுவைப்பது வழக்கம். சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணைப்படி கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது. இரண்டில் ஒன்று இறந்தால் இன்னொன்று வாங்க வேண்டும், அதற்குத் துணையாக மற்றொன்று என்று முடிவில்லாமல் போகும் என்பதால், மிஞ்சியதன் ஆயுள்வரை துணைக்கு ஒரு கினிப் பன்றியை வாடகைக்குத் தரும் சேவை அங்கே உருவானது.

நாய்க்கும் பூனைக்கும் இப்படி உடனடித் துணை தேடுவது பெரும்பாலும் தவறாக முடிகிறது. மிஞ்சிய விலங்கு துக்கப்படுவது, இறந்த அந்தத் துணையோடு இருந்த உறவுக்காகத்தான். இன்னொரு நாய் என்ற பொது இடத்துக்காக அல்ல. பத்து வயது நாயின் மேல் இரண்டு மாதக் குட்டி ஏறி மிதித்துக் காதைக் கடிக்கும்போது, அதற்கு ஓய்வும் போய்விடுகிறது. உணவும் உறக்கமும் பழைய நிலைக்கு வந்தபின், வெளியே வேறு நாய்களைச் சந்திக்கும்போது அது வாலாட்டி நெருங்குகிறதா, ஒதுங்குகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பூனைக்குப் புதியதை முதலில் தனி அறையில் வைத்து, துணியின் மூலம் வாடை மாற்றி, கதவிடுக்கு வழியே பார்க்கவிட்டு, வாரக் கணக்கில் பழக்க வேண்டும். இறந்தது பார்வோ தொற்றால் என்றால் அந்தக் கிருமி தரையிலும் தோட்ட மண்ணிலும் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். பிளீச்சிங் கரைசலால் கழுவாமலும், தடுப்பூசித் தவணைகள் முடியாமலும் ஒரு குட்டியை அங்கே கொண்டுவரக் கூடாது.